ஹென்ஷாலின் இரண்டு மீன்கள்: 'புக் ஆஃப் தி பிளாக் பாஸ்' – சில வாசிப்புக் குறிப்புகள்

போன மே மாதம் ஜார்ஜியாவின் ஃபிளின்ட் ஆற்றில், ஸ்ப்ரூவெல் பிளஃப் பக்கம் கயாக்கில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மீன் மாட்டியது. 13 அங்குலம் இருக்கும். உடம்பின் பக்கவாட்டில் புலிக்கோடு மாதிரி நேர்க்கோடுகள். ஷோல் பாஸ் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பாறைத்திட்டுகள் மேல் தண்ணீர் ஆழமில்லாமல் வேகமாகப் பாயும் இடங்களில் மட்டும் வாழ்கிற மீன் அது. அதைத் தேடித்தான் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தோம்.

தூண்டில் முள்ளை எடுக்கும்போது கட்டைவிரல் மீனின் நாக்கில் பட்டது. நடுவில் உப்புக்காகிதம் மாதிரி சொரசொரப்பு. ஷோல் பாஸுக்குப் பொதுவாக நாக்கில் அந்தப் பல் திட்டு இருக்காது. ஸ்பாட்டட் பாஸுக்கும் அதன் உறவான அலபாமா பாஸுக்கும் இருக்கும். அப்படியென்றால் கையில் இருப்பது ஷோல் பாஸா, வேறொன்றா, இரண்டும் கலந்ததா? மரபணுச் சோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. பக்கத்துக் கயாக்கில் இருந்த நண்பர் (ஆபீஸில் என்னை விட பத்து வயது இளையவர்) சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாஸ்னா பாஸ்தானே அண்ணா. ஃபோட்டோ எடுத்தாச்சுல்ல, விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் மனதில் உட்கார்ந்துகொண்டது. காரணம், அப்போது நான் படித்துக்கொண்டிருந்த புத்தகமும் வேறு வார்த்தைகளில் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஹென்ஷால் எழுதி 1881-ல் சின்சினாட்டியில் வெளிவந்த 'புக் ஆஃப் தி பிளாக் பாஸ்'. அமெரிக்காவில் பாஸ் பிடிப்பவர்களுக்கு அதுதான் மூலநூல். அதைப் பற்றிய என் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை அதற்கு அப்புறம்.

யார் இந்த ஹென்ஷால்?

1836-ல் பால்டிமோரில் பிறந்தவர். தொழிலில் மருத்துவர். கென்டக்கி, ஒஹாயோ, விஸ்கான்சின் என்று பல ஊர்களில் வைத்தியம் பார்த்திருக்கிறார். வைத்தியம் போக மீதி நேரமெல்லாம் மீன். பின்னாளில் மீனே வேலையாகவும் ஆகிவிட்டது: மொன்டானாவில் போஸ்மேன் நகரிலிருந்த மத்திய அரசின் மீன்குஞ்சுப் பண்ணைக்குத் தலைவராக இருந்தார். பாஸ் புத்தகத்துக்கு 1889-ல் ஒரு துணைநூலும் 1904-ல் திருத்திய பதிப்பும் வந்தன. ஒரு அமெச்சூர் தன் விருப்பப் பாடத்தில் நிபுணராக வளர்ந்த கதை என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம் உண்டு.

புத்தகம் மூன்று பாகம். முதலில் மீனின் அறிவியலும் வாழ்க்கையும். இரண்டாவது கருவிகள்: கோல், ரீல், நரம்பு, முள். மூன்றாவது பிடிக்கும் முறை. இப்போது பார்த்தால் சாதாரண ஏற்பாடாகத் தெரியும். ஆனால் மீன்பிடி நூல் என்றாலே வேட்டைக் கதைகளும் இயற்கை வர்ணனையும்தான் என்று இருந்த காலத்தில், "முதலில் இந்த மீன் யார் என்று தெரிந்துகொள், அப்புறம் கோலை எடு" என்று வரிசைப்படுத்தியது பெரிய விஷயம். ஸ்பெக்கை எழுதிவிட்டு அப்புறம் கோடு எழுதும் ஆள்.

இரண்டாம் பாகத்தை நான் ரொம்பவே ரசித்தேன். கென்டக்கியில் கடிகாரம் செய்பவர்கள்தான் பல்சக்கரம் வைத்த ரீலை உருவாக்கினார்கள். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உருளை பல சுற்று சுற்றும். அந்த ரீலுக்கு ஏற்ற மாதிரி கோல் நீளமும் கனமும் குறைய வேண்டும் என்று ஹென்ஷால் வாதாடுகிறார். இன்றைக்குத் தெளிந்த நீரில் மெல்லிய நரம்பும் லேசான கோலுமாக நாம் மீன் பிடிக்கிறோமே, அந்தச் சிந்தனைக்கு ஆரம்பப் புள்ளிகளில் இவரும் ஒருவர்.

அவருக்கு ஒரு சமூகக் கோபமும் இருந்தது. அந்தக் காலத்தில் கௌரவமான தூண்டில் மீன் என்றால் சால்மன், அடுத்தது டிரவுட். இரண்டும் ஐரோப்பியப் பெருமை ஒட்டிய மீன்கள். பாஸ் என்பது ஏதோ நாட்டுப்புறத்தான் பிடிக்கும் மீன் என்ற இளக்காரம். ஹென்ஷால் அதை உடைத்தார். அங்குலத்துக்கு அங்குலம், பவுண்டுக்குப் பவுண்டு ஒப்பிட்டால் பாஸைப் போலப் போராடும் மீன் கிடையாது என்று அவர் எழுதியது அமெரிக்க மீன்பிடி உலகத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. காடுகள் வெட்டப்பட்டு டிரவுட் ஓடைகள் கெட்டுப்போகும், அப்போது பாஸ்தான் நாட்டின் முதல் தூண்டில் மீனாக நிற்கும் என்றும் கணித்தார். அது அப்படியே பலித்தது.

என் பிரச்சினை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மீனை மட்டும் தனியாகத் தராசில் வைத்து எடை போட்ட அந்த ஒப்பீட்டில், அது எந்தத் தண்ணீரின் மீன் என்ற கேள்விக்கு இடமே இல்லை.

கயாக்கிலிருந்து பார்த்தால்

சின்ன ஒரு கணக்கு. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளிவிலகலால் அந்த ஜன்னலின் கோணம் ஏறத்தாழ 97 டிகிரி. அடிவானத்தை ஒட்டி இருப்பவை எல்லாம் ஜன்னலின் ஓரத்தில் நசுங்கித் தெரியும். பெரிய பாஸ் படகின் தளத்தில் ஒருவர் நிற்கிறார், அவர் தலை தண்ணீருக்கு மேல் 2.2 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் மீனுக்கு அவர் ஜன்னல் ஓரத்தில் சுமார் 1.5 டிகிரி அளவுக்குத் தெரிவார். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை 1 மீட்டர் உயரம் என்றால், அதே தூரத்தில் அவர் தெரிவது 0.3 டிகிரிதான். உயரம் பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்கினால், தெரியும் அளவு நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அலையில்லாத தண்ணீருக்கான கணக்கு இது. ஆனாலும் தெளிந்த நீர்த்தேக்கத்தில் கயாக் ஏன் எடுபடுகிறது என்பதற்கு, மோட்டார் சத்தம் இல்லை என்பதோடு சேர்த்து, இதுவும் காரணம்.

நம் பக்கம் போலரைஸ்டு கண்ணாடி இருக்கிறது. மேற்பரப்பின் பளபளப்பை அது வெட்டிவிடும். ஆக மீனுக்கு நம்மைச் சரியாகத் தெரியாது, நமக்கு மீன் நன்றாகத் தெரியும். கயாக் மீன்பிடி பற்றி இன்று வரும் கையேடுகளும் வீடியோக்களும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கொண்டாடுகின்றன. மெல்லிய ஃபுளோரோகார்பன் நரம்பு, இயல்பான நிறத்தில் சின்ன லூர், தூரமாக வீசு, நிழல் விழாமல் பார்த்துக்கொள். எல்லாம் சரியான அறிவுரைதான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அதே அறிவுரை மிசூரியின் டேபிள் ராக் ஏரிக்கும், டென்னசி–கென்டக்கி எல்லையில் இருக்கும் டேல் ஹாலோவுக்கும், ஜார்ஜியாவின் லேனியருக்கும் வார்த்தை மாறாமல் வருகிறது. தண்ணீர் தெளிவா, கலங்கலா என்று கேட்கிறார்கள். தண்ணீர் எந்த ஆற்றுடையது, அதில் யார் சொந்தக்காரர், யார் குடியேறியவர் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பழக்கம் ஹென்ஷால் வீட்டுச் சீதனம் என்பதே என் வாதம்.

கிழிந்த துடுப்பு

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். பாஸ் பேரினத்தின் அறிவியல் பெயர் மைக்ரோப்டெரஸ். 'சின்னத் துடுப்பு' என்று அர்த்தம். பாஸுக்குத் துடுப்பு ஒன்றும் சின்னது இல்லையே? 1802-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேத் கையில் கிடைத்த மாதிரி மீனின் முதுகுத் துடுப்பு காயம்பட்டுக் கிழிந்திருந்தது. பிரிந்து நின்ற கடைசித் துண்டைப் பார்த்து, இது தனியாக ஒரு சின்னத் துடுப்பு என்று நினைத்து அப்படியே பெயர் வைத்துவிட்டார். இனப் பெயரைத் தன் நண்பரான புவியியலாளர் டோலொமியூவின் பெயரில் வைத்தார். டோலமைட் பாறைக்கும் அவர் பெயர்தான். ஸ்மால்மவுத் பாஸுக்கு இன்றுவரை அதுவே பெயர். பேரினப் பெயரில் ஏறிய பிழையும் அப்படியே நிற்கிறது. எங்கள் தொழிலில் சொல்வது போல, ரிலீஸான பிறகு பக்-கே அம்சமாகிவிட்டது.

ஹென்ஷால் புத்தகம் எழுதும்போது பாஸ் பெயர்கள் பெரிய குப்பைமேடாக இருந்தன. ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர், ஆய்வாளருக்கு ஒரு பெயர். ஹென்ஷால் பொறுமையாக உட்கார்ந்து இதைக் கூட்டிப் பெருக்கினார். முடிவு: பாஸ் இரண்டே இனம். ஸ்மால்மவுத், லார்ஜ்மவுத். மற்ற வேறுபாடுகள் எல்லாம் தண்ணீராலும் இடத்தாலும் வருபவை.

அன்றைய நிலையில் இது உண்மையான சேவை. டூப்ளிகேட் நிறைந்த டேட்டாபேஸை ஒருவர் சுத்தம் செய்தால் நாம் நன்றிதான் சொல்வோம். ஆனால் சுத்தம் செய்யும்போது ஒரிஜினல் ரெக்கார்டுகளும் சில அழிந்துவிடும் என்பது, அந்த வேலையைச் செய்த யாருக்கும் தெரியும். ஒஹாயோ ஆற்றிலிருந்து ராஃபினெஸ்க் 1819-லேயே பெயரிட்ட ஸ்பாட்டட் பாஸ் இப்படி மறைந்து, கார்ல் ஹப்ஸ் 1927-ல் அதன் தனித்தன்மையை மறுபடி நிறுவும் வரை காத்திருந்தது. 1940-ல் ஹப்ஸும் பெய்லியும் ரெட்ஐ பாஸைப் பிரித்துக் காட்டினார்கள். ஃபிளின்ட் ஆற்றின் ஷோல் பாஸுக்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்ததே 1999-ல்தான். 2022-ல் வந்த மரபணு ஆய்வு இன்னொரு கல்லைத் தூக்கிப் போட்டது: 'சால்மாய்டஸ்' என்று நாம் லார்ஜ்மவுத்துக்கு வைத்திருந்த பெயர் உண்மையில் ஃபுளோரிடா பாஸுக்கு உரியது, லார்ஜ்மவுத்தின் பெயர் 'நைக்ரிகன்ஸ்' என்றது. இன்றைய கணக்கில் பாஸ் இனங்கள் ஒரு டஜனுக்கும் மேல். அவற்றில் பல, ஒன்றிரண்டு ஆற்று வடிநிலங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாகக் கிடையாது.

ரயில் ஏறிய மீன்

இரண்டே இனம் என்று ஆகிவிட்டால் அடுத்த படி சுலபம். எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் விடலாம். புத்தகத்தில் உள்நாட்டு நீர்நிலைகளில் பாஸ் விடுவதைப் பற்றியே தனியாகப் பேசுகிறார், உற்சாகமாக. பாஸ் எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் பார்வையில் அதன் பெரிய நற்குணம்.

அந்தக் காலத்தின் புகழ்பெற்ற உதாரணம் 1854-ல் நடந்தது. ஒஹாயோ வடிநிலத்திலிருந்து கொஞ்சம் ஸ்மால்மவுத் மீன்களைத் துளையிட்ட பாத்திரத்தில் போட்டு, பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில் என்ஜினின் தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிட்டு, மலை தாண்டி கம்பர்லேண்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பொடோமக் ஆறு. அங்கே அதுவரை ஸ்மால்மவுத் கிடையாது. பின்னால் ஆறு முழுக்கப் பரவியது. இன்று பொடோமக்கில் கயாக் போட்டு ஸ்மால்மவுத் பிடிப்பவர்கள், அந்த ரயில் பயணிகளின் வாரிசுகளைத்தான் பிடிக்கிறார்கள்.

கதையாக எனக்கும் பிடிக்கிறது. ஆவி கக்கும் என்ஜின், தொட்டியில் குலுங்கும் மீன், ஒரு ஊரின் ஆர்வம். ஆனால் இந்தக் கதையில் பொடோமக்கில் ஏற்கனவே இருந்த மீன்கள் எங்கே? ஒரு வரி கூட அவற்றுக்கு இல்லை. தண்ணீர் காலி மனை மாதிரி, குடிவைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி என்ற தொனி. ஹென்ஷாலின் புத்தகம் முழுவதும் இந்தத் தொனி இருக்கிறது. மீனைப் பற்றி அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பவர், ஆறு என்று வந்தால் அதை ஒரு பாத்திரமாகவே பார்க்கிறார்.

ஹென்ஷாலி

லேனியர் ஏரியில்தான் நான் அதிகமாகக் கயாக் போடுவது. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே புஃபோர்டு அணை கட்டி 1956-ல் தண்ணீர் நிரம்பத் தொடங்கியது. சுமார் 38,000 ஏக்கர். அணைப் பக்கம் ஆழம் அதிகம். ஆறு கொண்டுவரும் வண்டல் மேல்பகுதியிலேயே படிந்துவிடுவதால் கீழ்ப்பகுதி தெளிவாக இருக்கும். கோடைக் காலையில் தண்ணீருக்கடியில் உள்ள மேடுகளின் மேல், ஆழத்திலிருந்து ஒரு கூட்டம் சடாரென்று எழுந்து வந்து ஹெர்ரிங் மீன்களை அடிக்கும் காட்சி இருக்கிறதே, அதற்காகவே நாலு மணிக்கு எழுந்திருக்கலாம். லோக்கலில் இவற்றை 'ஸ்பாட்' என்பார்கள். லேனியருக்கு மீன்பிடி உலகில் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த ஸ்பாட்தான்.

அந்த ஸ்பாட் உண்மையில் அலபாமா பாஸ். அதன் சொந்த ஊர் மொபைல் வடிநிலம்: கூசா, அலபாமா, டல்லபூசா ஆறுகள். சட்டஹூச்சி அதற்கு வேறு ஊர். மனிதன் கொண்டுவந்து விட்டதுதான். அது அடிக்கிற புளூபேக் ஹெர்ரிங்கும் கடற்கரைப் பக்கத்து வந்தேறி. ஆக நான் நாலு மணிக்கு எழுந்து பார்க்கப் போகிற அந்த 'இயற்கைக் காட்சி'யில் ஏரி செயற்கை, இரை வெளியூர், வேட்டையாடுவதும் வெளியூர்.

இந்த மீனின் அறிவியல் பெயரைப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மைக்ரோப்டெரஸ் ஹென்ஷாலி. 1940-ல் ஹப்ஸும் பெய்லியும் இதை ஸ்பாட்டட் பாஸின் துணையினமாக விவரித்தபோது நம் டாக்டரைக் கௌரவித்து வைத்த பெயர். 2008-ல் தனி இனமாக உயர்த்தப்பட்டது.

அந்த ஹென்ஷாலி இன்று தென்கிழக்கு மாநிலங்களில் என்ன செய்கிறது? தெற்குக் கரோலினாவின் கியோவீ தெளிவுக்குப் பேர்போன நீர்த்தேக்கம். சவானா வடிநிலத்துக்கே உரிய பார்ட்ரம்ஸ் பாஸ் அங்கே இருந்தது. 1980-களில் மீன்பிடிப்பவர்கள் அலபாமா பாஸைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்து, நீர்த்தேக்கத்தில் சுத்தமான பார்ட்ரம்ஸ் பாஸ் தேடிப்பிடிக்க வேண்டிய பொருளாகிவிட்டது. இப்போது கலப்பு கிளை ஆறுகளுக்குள் ஏறுகிறது. வடக்குக் கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் மீன்வளத் துறைகள் இதே மீனைப் பற்றி எச்சரிக்கின்றன: லார்ஜ்மவுத்தோடு போட்டி, ஸ்மால்மவுத்தோடு கலப்பு. அட்டவணைப்படி யாரும் அதிகாரபூர்வமாக இதைப் பரப்பவில்லை. யாரோ ஒருவர் லைவ்வெல்லில் நாலு மீனைப் போட்டு, 'நம்ம ஏரியிலும் இருந்தா நல்லாயிருக்குமே' என்று இன்னொரு ஏரியில் விட்டார். 1854-ன் என்ஜின் தொட்டி, பிக்கப் வண்டியின் பின்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

கலப்பு என்றால் என்ன மோசம், மீன் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். என் நண்பர் கேட்டதும் அதுதான். மீன் சாகவில்லை, ஆறு காலியாகவில்லை, தூண்டிலில் இழுப்பும் குறையவில்லை. குட்டை வற்றினால் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக, பாறையும் வேகநீரும் லட்சக்கணக்கான வருஷம் செதுக்கிய ஒரு மீன் கரைந்து போகும். ஃபோட்டோவில் எல்லாம் 'பாஸ்' என்றே இருக்கும்.

ஹென்ஷாலைக் குறை சொல்வது நியாயமா?

இதை எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். 1881-ல் மரபியல் என்ற துறையே கிடையாது. மெண்டல் 1866-ல் வெளியிட்ட கட்டுரையை உலகம் கண்டுகொண்டது 1900-ல். அணைகளும் தெளிந்த பெரிய நீர்த்தேக்கங்களும் ஹென்ஷால் கற்பனையில் கூட இருந்திருக்காது. கியோவீயில் யாரோ மீன் விட்டதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய டாக்டர் எப்படிப் பொறுப்பு?

பொறுப்பு இல்லை. தெரியாமல் போன உண்மைகளுக்காக அவரைக் குறை சொன்னால் அது விமர்சனம் இல்லை, வயதைக் காட்டி மிரட்டுவது. நான் கேள்வி கேட்பது அவர் வாதத்தின் அமைப்பை. ஒரு மீனின் மதிப்பு அது எவ்வளவு போராடுகிறது, எவ்வளவு சுலபமாக எங்கும் பிழைக்கிறது என்ற இரண்டு அளவில் முடிந்துவிடுகிறது. இந்த அளவுகோலில் எங்கும் பிழைக்கும் மீன் எப்போதும் ஜெயிக்கும். ஒரே ஆற்று வடிநிலத்தின் ஒரே மாதிரிப் பாறைத்திட்டில் மட்டும் வாழ்கிற ஷோல் பாஸ் எப்போதும் தோற்கும். ஹென்ஷாலின் தகவல்களை நாம் திருத்திவிட்டோம். அளவுகோலைத் திருத்தவில்லை. இன்றைய கையேடுகளில் இரண்டு இனம் பன்னிரண்டாகியிருக்கலாம், "இந்த டெக்னிக் எங்கேயும் வேலை செய்யும்" என்ற பெருமிதம் அப்படியே இருக்கிறது.

டெக்சஸ் கதையும் இதைத்தான் காட்டுகிறது. அங்கே மலைப்பகுதியின் சுண்ணாம்புப் பாறை ஆறுகள் கண்ணாடி மாதிரி இருக்கும், கயாக்குக்கு அருமையான ஆறுகள். அங்கே மட்டுமே உள்ள குவாடலூப் பாஸ் 1989-ல் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1970-களில், மாநிலத் துறையே அந்த ஆறுகளில் ஸ்மால்மவுத்தை விட்டிருந்தது. இரண்டும் கலக்க ஆரம்பித்தன. தவறு புரிந்த பிறகு சுத்தமான குவாடலூப் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து வருஷக்கணக்காக விட்டுத்தான் சில ஆறுகளில் நிலைமையைத் திருப்பினார்கள். திருப்ப முடிந்தது என்பது நல்ல செய்தி. இனம் எதுவென்று பெயர் சொல்லத் தெரிந்ததால்தான் திருப்ப முடிந்தது.

நம் பக்கம் ஒன்று

இதை அமெரிக்கக் கதையாகவே படித்துவிட்டுப் போக முடியாதபடி காவிரி நிற்கிறது. ஹென்ஷாலுக்கு எட்டு வருஷம் முன்னால், 1873-ல், மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரரான எச். எஸ். தாமஸ் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். மஹசீரை சால்மனோடு ஒப்பிட்டு உயர்த்திய புத்தகம். அதே காலம், அதே ஒப்பீடு. நூறு வருஷம் கழித்து, 1970-களிலிருந்து, மஹசீரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மஹசீர் காவிரியில் விடப்பட்டது. மஹசீர் என்றால் மஹசீர்தானே! காவிரிக்கே உரிய, முதுகு திமில் போல் எழும்பிய மஹசீர் கண் முன்னாலேயே அருகிப்போனது. அது டோர் ரெமாதேவி என்ற இனம்தான் என்று ஆய்வாளர்கள் நிறுவியது 2018-ல். அதே வருஷம் 'மிக ஆபத்தான நிலை' என்ற பட்டியலில் சேர்ந்தது. அதாவது மீனுக்கு அடையாள அட்டை கிடைத்ததும் ஐ.சி.யூ.வில் சேர்த்ததும் ஒரே நேரத்தில். மிச்சம் இருக்கும் சில இடங்களில் நம்ம மோயாறும் ஒன்று.

அளவுப்பலகை

கடைசியாக, கயாக் பக்கம் சொல்ல வேண்டிய ஒரு நல்ல விஷயம். பெரிய படகுப் போட்டிகளில் பிடித்த மீனை நாள் முழுக்க லைவ்வெல்லில் வைத்திருந்து, கரையில் மேடை ஏற்றி எடை போடுவார்கள். கயாக்கில் அதற்கு இடமில்லை. அதனால் கயாக் போட்டிகளில் அளவுப்பலகை மேல் மீனைக் கிடத்தி, ஃபோட்டோ எடுத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பவுண்டு போய் அங்குலம் மட்டும் மிச்சம். வசதிக் குறைவால் வந்த ஏற்பாடுதான். ஆனால் மீனை அதன் தண்ணீரிலிருந்து ஒரு நிமிஷத்துக்கு மேல் பிரிக்காத ஒரு விளையாட்டு முறை இதனால் உருவாகிவிட்டது. ஹென்ஷாலின் அளவுகோலுக்கு யாரும் திட்டமிடாமலேயே வந்த திருத்தமாக இதை நான் பார்க்கிறேன்.

இன்னொரு திருத்தம் ஜார்ஜியாவின் வனவிலங்குத் துறை நடத்தும் 'பாஸ் ஸ்லாம்'. மாநிலத்தின் பாஸ் இனங்களில் குறைந்தது ஐந்தை ஒரே ஆண்டில் பிடித்துக் காட்டினால் சான்றிதழ். பெரிய மீன் தேவையில்லை, வேறு வேறு மீன் தேவை. அதற்காகப் பல ஆறுகளுக்குப் போக வேண்டும், எது எங்கே உரியது என்று படிக்க வேண்டும், நாக்கைத் தடவிப் பார்க்க வேண்டும். குழந்தைத்தனமான பரிசு என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஹென்ஷாலின் முதல் பாகம், "முதலில் மீன் யார் என்று தெரிந்துகொள்" என்றது. அந்த அறிவுரையை அவரை விட ஒழுங்காகப் பின்பற்றும் வழி இது.

ஃபிளின்ட் ஆற்றில் 200 மைலுக்கும் மேல் அணை கிடையாது. ஸ்ப்ரூவெல் பிளஃப்பில் ஒன்று கட்டத் திட்டம் இருந்தது. 1973-ல் ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் தடுத்து நிறுத்தினார். அதனால்தான் அந்தப் பாறைத்திட்டுகள் இன்னும் மிச்சம். திட்டைக் காப்பாற்றியாகிவிட்டது, அதில் யார் வாழப்போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அன்று எடுத்த ஃபோட்டோவை நண்பர் குரூப்பில் போடும்போது, "என்ன பேர் போடட்டும் அண்ணா?" என்று கேட்டார். "ஷோல் பாஸ் மாதிரி, நாக்கு சொரசொரப்பு, கலப்பாக இருக்கலாம்" என்று எழுதச் சொன்னேன். நீளமாக இருக்கிறதே என்றார். இருக்கட்டும் என்றேன். போன வாரம் அவரே ஒரு படம் அனுப்பியிருந்தார். சட்டஹூச்சியின் மேல்பகுதியில், லேனியருக்கு மேலே பிடித்தது. கீழே ஒரே வரி: "நாக்கு வழவழன்னு இருக்கு."